கீழே இருக்கும் கையெழுத்து

ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் நலமா? ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் வழி முழுக்க இடது கையாலேயே ஆரஞ்சு உரித்துக்கொண்டு வந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டிருந்தால் அடுத்த பெட்டிக்கு ஓடியிருப்பார். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை என்று அண்ணி சொல்வது சரிதான்.

அண்ணா, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரம் ஆகிறது. வலது காலில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, நடந்துவிடுவீர்கள். வலது கையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அது பழையபடி வராது. இனி இடது கைதான் உங்கள் கை. முப்பது வருடம் நிலம் அளந்து, வரைபடத்தில் முத்து முத்தாக எழுதிய சர்வேயரிடம் இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் ஊர் வந்து சேர்ந்து எழுதுகிறேன்.

போனில் பேசினால் நாக்கு குழறுகிறது என்று நீங்கள் எரிச்சல்பட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அண்ணி "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மூன்றே வார்த்தையில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஓர் ஏற்பாடு. எனக்குக் கடிதம் எழுதுங்கள், இடது கையால். தாளின் மேல் முனையை வலப்பக்கம் சாய்த்து நாலு மூலையிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பேனாவில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். முதலில் நாலு வரி போதும். அண்ணி, அதே தாளில் கீழே நீங்கள் எழுதுங்கள். அண்ணா தானாக என்னென்ன செய்தார், எத்தனை பொத்தான் போட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்று.

இன்னொன்று. நோயாளிகளுக்குப் பொத்தான் போடவும் சாப்பிடவும் மறுபடி பழக்குகிற எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் ஆண்டு மாநாடு நவம்பரில் வருகிறது. பதினேழு வருடமாகப் போகிறேன். பின் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். இந்த முறை மேடையில் நான் பேச வேண்டும். உங்களைப் பற்றிப் பேச வேண்டும். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்தவர் எழுந்து நிற்பதை அந்தக் கூடம் பார்க்க வேண்டும்.

அண்ணி, அவரைத் தூக்கும்போது முட்டியை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். கிளம்பும் அன்று பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தேன், டாக்ஸிக்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

வாலு


பிப்ரவரி 9

வாலு,

நலம். இது நான்தான். இடது கை. நாலு வரிக்கு நாற்பது நிமிடம். கோடு எல்லை தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போகிறது.

அண்ணன்

வாலு, கீழே நான். நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மேலே இருப்பதை எழுதுவதற்குள் உன் அண்ணன் இரண்டு தடவை பேனாவை வீசி எறிந்தார். இரண்டு தடவையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நீ சொன்னபடி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் மற்றவர் வயலின் எல்லைக் கல்லுக்கெல்லாம் சண்டை தீர்த்துவைத்தவர், ஒரு தாளோடு இப்படி மல்லுக்கு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் தானே குனிந்து எடுத்தார். பொத்தான் மூன்று, இருபது நிமிடம். பல் தேய்ப்பது தானாக. பாதி பேஸ்ட் சட்டையில்.

மருத்துவமனை வார்டில் இருந்தாரே, அந்த உதவியாளர், தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்து போகிறார். மலை மாதிரி ஆள். உன் அண்ணனைப் படுக்கையிலிருந்து அலாக்காகத் தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார். எனக்கு அதில் பாதி பாரம் குறைந்தது. அக்கம்பக்கத்தில் உன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள். "பொத்தான் டாக்டர்" என்று உன் அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். பாவம், அவர்கள் நீ சட்டை தைப்பவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா?

அண்ணா, உங்கள் நாலு வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு தாண்டினாலும் எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்கவில்லை. இது நல்ல அடையாளம். என் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். புதிதாக வருகிற மாணவிகளிடம் காட்டிப் பீற்றிக்கொள்கிறேன்.

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த உதவியாளரை நிறுத்திவிடுங்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அண்ணாவின் கால் ஒரு பாடத்தைத் தவறவிடுகிறது. மூட்டையாகத் தூக்கினால் மனிதர் மூட்டையாகவே இருந்துவிடுவார். படுக்கையின் ஓரத்தில் உட்காரவைத்து, நீங்கள் வலப்பக்கம் நின்று அக்குளுக்குக் கீழே கை கொடுங்கள். எழுவது அவர் வேலை, தாங்குவது மட்டும் உங்கள் வேலை. ஒரு நாளைக்கு ஆறு தடவை. முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

மாநாட்டுக் குழு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு: "வீடு திரும்பிய பின்". இனிமேல் எல்லாக் கடிதமும் சாட்சி. ஒன்றையும் கிழித்துப் போடாதீர்கள் அண்ணா.

அன்புடன்
வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள வாலு,

நலம். நீ நலமா? ஆறு தடவை எழுகிறேன். முதல் மூன்று நான் எழுகிறேன், மீதி மூன்றில் உன் அண்ணிதான் என்னை எழுப்புகிறாள். உன் கணக்கில் ஆறு என்றே வைத்துக்கொள். பொத்தான் ஐந்தும் ஒன்பது நிமிடத்தில். காலர் பொத்தான் மட்டும் எதிரி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நானாகச் சவரம் செய்தேன். தாடையில் இரண்டு இடத்தில் எல்லைத் தகராறு, ரத்தம் வந்தது.

நேற்று ஜன்னல் வரை நடந்தேன். ஏழு அடி. தெருவில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டுகிறார்கள். கயிறு கட்டியவன் சரியாகக் கட்டவில்லை. சொல்ல நினைத்தேன், நாக்கு வரவில்லை.

அண்ணன்

வாலு, நலம். அவர் சொல்வதெல்லாம் சரி. எட்டு அடி நடந்தார், ஏழு என்று குறைத்துச் சொல்கிறார், சர்வேயர் அல்லவா. உதவியாளரை நிறுத்திவிட்டேன். எண்பத்திரண்டு கிலோவும் என் மேல் சாயும்போது கல்யாணமான புதிதில்கூட இவர் இவ்வளவு நெருங்கி நின்றதில்லை என்று சொன்னேன். வெட்கப்பட்டார். தோள் கொஞ்சம் வலிக்கிறது, பழகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சாப்பிடு.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலம். நலமறிய ஆவல்.

ஏழு அடி. படித்துவிட்டு வார்டில் எல்லோருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அண்ணா, இனி பத்துத் தடவை. ஆறில் நின்றுவிட்டால் உடம்பு அதோடு திருப்திப்பட்டுவிடும். நீங்கள் மூன்று, அண்ணி மூன்று என்ற பேரமெல்லாம் என்னிடம் வேண்டாம். குளியலறை வரை நடந்தே போக வேண்டும். அண்ணி பின்னாலேயே வரட்டும்.

எழுத்தில் ஒரு விஷயம். பிப்ரவரியில் ஓர் எழுத்து என் விரல் நகம் அளவுக்கு இருந்தது. இப்போது அதில் பாதி. அளவுகோல் வைத்து அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறேன். உங்கள் தொழில் எனக்கும் வந்துவிட்டது.

அண்ணி, தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். காலர் பொத்தானுக்கு அவர் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று எழுத மறந்துவிட்டீர்கள்.

வாலு


ஜூன் 27

அன்புள்ள வாலு,

நலம். நீ நலமா? பன்னிரண்டு வாரமாக எழுதவில்லை. இரண்டு தடவை தந்தி போல் கார்டு போட்டு மிரட்டிவிட்டாய். இங்கே கொஞ்சம் வேலை அதிகம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குளியலறைக்கு நடந்தே போகிறேன், கம்போடு.

காலர் பொத்தான் இரண்டு நிமிடம். ரொட்டியில் ஜாம் தடவினேன். தட்டின் கீழே நீ சொன்ன ரப்பர் விரிப்பைப் போட்டதில் தட்டு ஓடவில்லை. உன் அண்ணிக்கும் ஒரு துண்டு தடவிக் கொடுத்தேன். அவள் இப்போதெல்லாம் என் மாதிரியே இடது கையால் கரண்டி பிடிக்கிறாள். வீட்டில் இடது கைக்காரர் ஒருவர் மட்டும் இருந்தால் எனக்குத் தனிமையாக இருக்குமாம். கிண்டல்.

அண்ணன்

வாலு, நலம். அவர் நன்றாக நடக்கிறார்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா?

கடைசியில் எழுதினீர்களே. இந்தக் கடிதத்தைப் பார்த்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? வரிகள் நேராகிவிட்டன. சுழி விழுகிறது. பன்னிரண்டு வாரத்தில் இவ்வளவு முன்னேற்றத்தை நான் என் வார்டில்கூடப் பார்த்ததில்லை. மாநாட்டில் மூன்றே மூன்று கடிதங்களை அருகருகே பெரிய திரையில் போடப்போகிறேன். பிப்ரவரி, ஜூன், அப்புறம் செப்டம்பர். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், அந்தத் தாள்களே பேசிவிடும்.

அண்ணிக்கு உங்களைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. இரண்டு பேரும் இடது கையால் சாப்பிடுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அண்ணி, நீங்கள் முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள், இப்போது ஒரே வரி. அண்ணா தேறியதும் என்னை மறந்துவிட்டீர்கள். கோபம்தான், போங்கள்.

வாலு


செப்டம்பர் 20

அன்புள்ள வாலு,

நலம். நீ நலமாக இருப்பாய்.

நீ கேட்ட செப்டம்பர் கடிதம் இது. திரையில் போடுவாய் என்பதால் பேனாவை மாற்றி, கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இருநூறு பேர் பார்க்கப்போகிற தாளில் வீட்டு விஷயம் எழுதக் கூடாது அல்லவா. வாசல் வரை போய்க் கதவைத் திறக்கிறேன். படுக்கையிலிருந்து நானாக எழுகிறேன், யாரும் கை கொடுப்பதில்லை. ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை, கவனித்தாயா?

ஒன்று கேட்கிறேன். உங்கள் மாநாட்டில் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி யாராவது பேசுவார்களா?

அண்ணன்

நலம். அண்ணி.


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணா,

நலம். எல்லோரும் நலமா? அவசரமாக எழுதுகிறேன், ஸ்லைடு வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு: பேசுவார்கள். இரண்டாம் நாள் மாலையில் அதற்கென்று ஒரு மணி நேரம் உண்டு. அந்த நேரத்தில் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் வழக்கமாக அப்போதுதான் கிளம்புவேன்.

கடிதம் அருமை. அப்படியே படம் எடுத்துப் போடுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு


நவம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். கூரியரில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை வந்துவிடும். நான் வெள்ளிக்கிழமை ரயிலேறி சனிக்கிழமை காலை உங்கள் வாசலில் நிற்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாநாடு வழக்கம் போலத்தான் தொடங்கியது. எங்கள் ஆட்கள் இருநூறு பேர் ஒரு கூடத்தில் கூடினால் முதல் அரை மணி நேரம் நாற்காலியின் உயரம் சரியில்லை என்ற புகாரிலேயே போய்விடும். தடித்த பிடி வைத்த கரண்டி, குளியலறைக் கைப்பிடி என்று வெளியே கடை பரப்பியிருந்தார்கள். என் முறை பதினொன்றரைக்கு. பதினெட்டாவது நிமிடத்தில் மணி அடிப்பார்கள். நான் பதினேழிலேயே முடித்தேன். கடைசி ஸ்லைடாக மூன்று கடிதங்களையும் அருகருகே போட்டேன். அண்ணாவின் எழுத்து ஆள் உயரத்துக்குத் திரையில் நின்றது.

கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஏதோ சின்ன மருத்துவமனையில் தனி ஆளாக வேலை பார்க்கிறாளாம், முதல் தடவையாக மாநாட்டுக்கு வந்திருக்கிறாள். மைக்கைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை.

"மேடம், கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?" என்றாள்.

தாளின் அடிப்பகுதியை வெட்டிவிடாமல் முழுதாகப் படம் எடுத்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது என் அண்ணி. அது கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது, வெட்ட மறந்துட்டேன்" என்றேன். ஆமாம் அண்ணி, இருநூறு பேர் முன்னால் அப்படித்தான் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. "இல்ல மேடம், முதல் தாள்ல அவங்க எழுத்து பெரிசா, அழுத்தமா இருக்கு. நடுத் தாள்ல பாதியா சுருங்கிடுச்சு. கடைசித் தாள்ல ரெண்டே வார்த்தை, அதுவும் கோட்டுக்குக் கீழ சரிஞ்சிருக்கு. மேல இருக்கிற கை தேறியிருக்கு, சரி. கீழ இருக்கிற கைக்கு என்ன ஆச்சு? அவங்களை நீங்க கடைசியா எப்ப பார்த்தீங்க?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எழுத்தைப் பார்த்துக் கையைச் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும். மணியை அடிக்க வேண்டியவரும் அதை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜனவரியில" என்று பதில் சொன்னேன்.

வெளியே வந்து உங்களுக்குப் போன் செய்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கூட்டம் நல்லா முடிஞ்சுதா?" என்றீர்கள். எந்தக் கையில் போனைப் பிடித்திருந்தீர்கள் அண்ணி? அறைக்குப் போய் எல்லாக் கடிதங்களையும் கட்டிலில் பரப்பி, அண்ணா எழுதிய பகுதியைத் துண்டால் மூடிவிட்டு, உங்கள் வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தேன். ஒன்பது மாதமாக என் கையிலேயே இருந்த தாள்கள். ஓர் எழுத்தையும் விடாமல் அளவுகோல் வைத்து அளந்தவள் நான். தாளின் பாதிக்குக் கீழே என் அளவுகோல் இறங்கவே இல்லை. உதவியாளரை நிறுத்தச் சொன்னவளும் நான்தான். ஆறைப் பத்தாக்கியவளும் நான்தான்.

நேரில் வந்து கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் இப்போதே கேட்கிறேன். பதிலை எழுதி வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். பாட்டில் மூடியைத் திருக முடிகிறதா? சூடான டம்ளரைப் பிடித்தால் விரலில் சூடு தெரிகிறதா? தலை வாரிக்கொள்வது யார்? டாக்டரிடம் போனீர்களா, என்ன சொன்னார்? வாசல் தாழ்ப்பாளை எந்தக் கையால் திறக்கிறீர்கள்? ஒவ்வொரு நோயாளியிடமும் முதல் நாளே நான் கேட்கிற கேள்விகள் இவை. அச்சடித்த தாளே வைத்திருக்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுதுங்கள்.

வாலு


நவம்பர் 19

அன்புள்ள வாலு,

இது அண்ணி. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுகிறார். எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை. நடுவில் எதையாவது மாற்றி எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் கடைசிக் கேள்விக்கு முன்னால் உள்ளவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திருக முடியாது. சூடு, சுண்டு விரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் தெரியாது. ஜூலையில் அடுப்பில் சுட்டுக்கொண்டது மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மே மாதம் ஒரு காலை குளியலறையில் உன் அண்ணனுக்குக் கால் வழுக்கியது. நான் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கழுத்திலிருந்து விரல் வரை மின்சாரம் போல ஒன்று ஓடியது. சரியாகிவிடும் என்று இருந்தேன். செப்டம்பரில் டாக்டரிடம் போனோம். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். சீக்கிரம் செய்யுங்கள் என்றும் சொன்னார். நான்தான் நவம்பர் முடியட்டும் என்றேன். அப்போது சொல்லியிருந்தால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். பதினேழு வருடம் பின் வரிசையில் உட்கார்ந்தவள் நீ.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறார் இவர். அப்படி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபம் இருந்தது வாலு. ஏப்ரலில் தோள் வலிக்கிறது என்று எழுதினேன். நீ ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் காலர் பொத்தானுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டாய். அன்றைக்குத் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் நலமா என்று கேட்டாய். நானும் நலம் என்று எழுதினேன். அது கேள்வி இல்லை, கடிதம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்கு உண்மையைப் பதிலாக எழுதினால் கேட்டவர்களுக்குத்தான் சங்கடம்.

ஆனால் அவர் எட்டு அடி நடந்த அன்று நான் அழுதேன், அதுவும் உண்மை. அந்த எட்டு அடிக்கும் நான் கை கொடுத்தேன். அது வீண் என்று நீ வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்யாதே. எனக்கு அது பொறுக்காது.

தலை வாருவது பற்றிக் கேட்டாய். பின்னல் போட வரவில்லை. அவருக்கும் ஒரு கைதான், இரண்டு பேரும் சேர்ந்து முயன்று பார்த்தோம், சிக்குத்தான் விழுந்தது. ஆகஸ்டில் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கழுத்துக்குக் காற்று வருகிறது. என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றாதே.

வாசல் தாழ்ப்பாளை நான் திறப்பதில்லை. அவர்தான் திறக்கிறார். படுக்கையிலிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு அடி, கம்பு ஊன்றி வர நேரமாகும். சனிக்கிழமை நீ வந்து தட்டிவிட்டுப் பொறுமையாக நில்.

அண்ணி


வாலு,

இனி எழுதுவது நான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே மாதமே எனக்குத் தெரியும். சொல்லாதீர்கள் என்றாள், சொல்லவில்லை. அவள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அது நியாயமில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பேன், இடது கைதான் அழகாக எழுதுகிறதே. அலுவலகத்தில் என் நாற்காலியில் வேறு ஆள் வந்துவிட்டார். தெருவில் பார்க்கிறவர்கள் "பாவம், எப்படி இருந்தவரு" என்கிறார்கள். அவர்கள் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள், எனக்குக் கேட்கிறது. நீ ஒருத்திதான் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாய். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக அவள் கையை விட்டுக்கொடுத்துவிட்டேன். செப்டம்பர் கடிதத்தில் பட்டும்படாமல் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டுவிட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நீ இருந்தால் நல்லது.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் எழுந்து நிற்பதற்கு முன்னால், என் எழுத்தை அவ்வளவு பெரிதாகத் திரையில் காட்டினாயே, அப்போது அங்கே இருந்தவர்கள் கைதட்டினார்களா? உன் அண்ணி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

அண்ணன்